குழாய்க்குள் போட்ட சொல்

புதுச்சத்திரம் நிறுத்தத்தில் உஷாராணி பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் நடு மண்டையில் இறங்கியது. ஒரு தோளில் துணிப்பை, மறு தோளில் புத்தகப்பை. அக்கா வீட்டுக்காரர் கதிர்வேல் புளியமரத்தடியில் மொபெட்டோடு நின்றிருந்தார். முன்னால் கட்டியிருந்த அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, கைப்பிடியில் ‘டக்’கென்று ஒரு தட்டுத் தட்டி, அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார்.

“வா சாமி. நீயும் ஒண்ணு குடிக்கிறியா? பச்ச முட்ட குடிச்சாப் பரீச்சையெல்லாம் பறந்துரும்.”

“பரீட்சை இல்லீங்க மாமா. ப்ராஜெக்ட்.”

“என்னமோ ஒண்ணு. ஏறு. உங்க அக்கா காலைலருந்து வாசலையே பாத்துட்டு இருக்கறா.”

உஷா சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அதிகம் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு எம்.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்தவள். வேற்றுக் கிரக உயிரோடு மனிதர்கள் பேச முயலும் ஓர் அறிவியல் கதையை எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தாள். படிப்பு விடுமுறைக்கு இங்கே வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஜோதி அக்காவுக்கு எட்டாம் மாதம். சேலம் அஸ்தம்பட்டிக்கு, பிறந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்று பிடிவாதம். “நீ போய் எப்பிடியாவது கூட்டிட்டு வந்துரு” என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

அவர்களுடைய கோழிப்பண்ணை கண்ணில் படுவதற்கு முன்பே அதன் நாற்றம் வந்துவிட்டது. எச்சமும் தீவனமும் வெயிலில் கலந்து மூக்கின் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் காரம். துணியில் ஏறும், தலைமுடியில் ஏறும், தண்ணீர் குடித்தால் அதிலும் இருக்கும்.

“ரெண்டு நாள்ல பழகிரும்” என்றாள் ஜோதி வாசலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. “அப்பா என்ன, வாரண்ட் குடுத்து அனுப்புனாரா? இந்த பேட்ச் கோழிய வித்து எறக்கற வரைக்கும் நான் வரமாட்டேன். இவரு தனியாச் சமாளிக்க மாட்டாரு.”

“அப்பறம் பண்ணைலயே பெத்துக்குவியா?”

“ஏன்டி, ஊர்ப்பட்ட கோழி பெக்கல?”

மறுநாள் காலையில் மூன்றாவது ஷெட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் உஷா புத்தகத்தோடு உட்கார்ந்தாள். உள்ளே வெள்ளைக் கோழிகள் கூண்டு கூண்டாக, வரிசை வரிசையாக, ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. தங்கமுத்து தீவன வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பண்ணை ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே வேலை பார்ப்பவர்.

“என்னங்க அம்முணி, பேய்க் கதைங்களா?”

“பேய் இல்லீங்க. வேற கிரகத்துல ஒரு உசுரு. அதுகூட மனுசங்க பேசப் பாக்கறாங்க.”

“அதுக்கு நம்ம பாஷ தெரியுங்களா?”

“தெரியாதுங்க. அதுதான் கதையே.”

“எம்பட ஊட்டுக்காரிக்கும் நான் பேசறது கலியாணம் ஆன நாள்லருந்து தெரியலீங்க. அதுக்கெல்லாம் பொஸ்தகம் போடுவாங்களா?”

பேசிக்கொண்டே ஒரு கூண்டைத் திறந்து, கழிச்சல் கண்டு சுருண்டிருந்த கோழியை வெளியே எடுத்தார். இடக்கையில் கால்கள். வலக்கையில் தலை. ஒரே திருகல்.

டக்.

உஷாவின் கையிலிருந்த பேனா நின்றது. அவர் முகம் மாறவில்லை. வெங்காயம் உரிப்பவர் முகம் போலத்தான் இருந்தது. கோழியைத் தொங்கவிட்டபடி ஷெட்டின் பின்பக்கம் போனார். அங்கே தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே மூடியிருந்த பலகைக் கல்லை நகர்த்தினார். கோழியைத் தலைகீழாக உள்ளே திணித்து அழுத்தினார். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது.

“பழைய போருங்க. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து ஆயிரம் அடிக்கு மேல ஓட்டுச்சு. புழுதிதான் வந்துச்சு, ஒரு சொட்டுத் தண்ணியில்ல. குழி வெட்டிப் பொதச்சா நாயி தோண்டுதுங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரன் நாத்தமுன்னு சண்டைக்கு வாரான். இவ மகராசி. மூணு வருசமா எத்தன போட்டாலும் வாங்கிக்கறா.”

அவர் போன பிறகு உஷா குழாயருகே குனிந்தாள். கோழி அடியில் விழும் ஓசை இன்னும் கேட்கவில்லை.

முகத்தைக் குழாய்க்கு நேராகக் கொண்டுபோனாள். மூன்று வருடமாகச் செத்த கோழிகள் விழும் ஓட்டை. ஆனால் அழுகல் நாற்றம் இல்லை. பண்ணை நாற்றமும் இல்லை. தன் தலையில் வைத்த எண்ணெய் வாசனையும் இல்லை. மூக்கே இல்லாதது போல இருந்தது. தலையை நிமிர்த்தினாள். எல்லாம் சட்டென்று திரும்பி வந்தது.

மதியச் சாப்பாட்டில் அவள் கேட்டாள். “மாமா, அந்தக் குழாயோட அகலம், ஆழம் வெச்சுக் கணக்குப் போட்டா போன வருசமே ரொம்பியிருக்கணும்.”

“பூமிக்குள்ள சந்து இருக்கும் சாமி. ரிக்காரனே சொன்னான். ஒரு எடத்துல ராடு பொசுக்குனு தானா எறங்கிருச்சாம், கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி. பயந்து தூக்கிட்டானுங்க. குழம்பு ஊத்திக்க.”

சாயங்காலம் ஜோதி பழைய வேட்டியைக் குழந்தைத் துணியாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதற்காக உஷா கதையைச் சொன்னாள். வேறொரு உலகம். கறுத்த கடல். கடலுக்கடியில் ஏதோ ஒன்று இருக்கிறது. மனிதர்கள் மேலிருந்து விளக்கு காட்டுகிறார்கள், எண்களை ஒலியாக அனுப்புகிறார்கள், சங்கீதம் அனுப்புகிறார்கள். எதற்கும் பதில் இல்லை. ஒருநாள் கடல் மேல் கையுறைகள் மிதந்து வருகின்றன. அவர்கள் கிழிந்துபோனதென்று அன்றாடம் கடலில் வீசிய கையுறைகள் மாதிரியே. எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் விரல்கள் இருக்கின்றன. காணாமல் போன மாலுமிகளின் விரல்கள்.

“அய்ய, கருமம்.”

“காலேஜ் மேடம் கேட்ட கேள்வி இதுதான்க்கா. மனுசங்க அனுப்புனதுல எதுக்கு அது பதில் சொல்லுச்சு? எனக்கு விடை கெடைக்கல.”

ஜோதி துணியைக் கிழிப்பதை நிறுத்தவில்லை. “இதுல என்னடி இருக்குது? குப்பைன்னு எழுதியா போட்டாங்க? மேலருந்து தெனமும் வந்தது அதுதான். அதத்தான் இவங்க பேசறாங்கன்னு நெனச்சிருக்கும். பாவம், அதுக்கென்ன தெரியும்?”

உஷா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு ‘டக்’ கேட்டது. தங்கமுத்து சாயங்கால வேலையை முடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் தங்கமுத்து ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தார்.

“குழாய்க்குப் பக்கத்துல கெடந்துச்சுங்க. மூடுன கல்லு மூடுனபடி இருக்குது.”

வெள்ளைக் கோழி. கழுத்து திருகியிருந்தது.

“போட மறந்துட்டியா?” என்றார் கதிர்வேல்.

“நானுங்களா? எல்லாத்தையும் எண்ணிப் போட்டுட்டுத்தாங்க ஊட்டுக்குப் போனேன்.”

உஷாதான் மூக்கைப் பார்த்தாள். பண்ணைக் கோழி எல்லாவற்றுக்கும் குஞ்சிலேயே மூக்கு நுனியை வெட்டிவிடுவார்கள், ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க. இதன் மூக்கு முழுசாக இருந்தது. கூராக, யாரோ நேற்றுச் செய்துவைத்தது போல.

கதிர்வேல் என்ன நோய் என்று பார்க்கக் கத்தியை எடுத்தார். பண்ணைக்காரர்கள் வழக்கமாகச் செய்வதுதான். நெஞ்சைக் கீறிப் பிளந்தார். கை அப்படியே நின்றது.

ரத்தம் வரவில்லை. உள்ளே ஈரல் இல்லை, குடல் இல்லை, நெஞ்செலும்பு இல்லை. அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒரே சதை, தோலிலிருந்து தோல் வரை. கழுத்தில் மட்டும் எலும்பு இருந்தது. அதுவும் முறிவதற்கென்றே வைத்தது போல, முறிந்து.

கதிர்வேல் கத்தியைக் கீழே வைத்தார்.

“மாமா” என்றாள் உஷா. “இனிமே அதுக்குள்ள எதையும் போடாதீங்க. நாம இத்தன வருசமா அதுகிட்ட ஒரே சொல்லச் சொல்லிட்டு இருந்திருக்கறோம். அது இப்பத் திருப்பிச் சொல்லுது.”

“எது?”

“கீழ இருக்கறது.”

“கதை படிச்சுப் படிச்சு உனக்கு...” என்று ஆரம்பித்தவர் பிளந்து கிடந்த கோழியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “சேரி. நாளைக்குக் கோழி டாக்டரக் கூட்டியாந்து காட்டலாம். குழாயையும் காங்கிரீட் போட்டு அடைச்சறலாம்.”

அன்று இரவு பண்ணையில் வளர்த்த நாய் குரைக்கவே இல்லை. காலையில் அது குழாயருகே கால்களை நீட்டிப் படுத்திருந்தது, நிழலில் தூங்குவது போல. தலை மட்டும் முதுகுப் பக்கம் பார்த்திருந்தது.

இது கீழிருந்து செய்து அனுப்பியதல்ல. இது அவர்கள் நாய். நாக்கு தொங்கியது, ரத்தம் இருந்தது.

“அக்கா, கெளம்பு” என்றாள் உஷா. ஜோதி இந்த முறை ஏனென்று கேட்கவில்லை. பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். சேலத்துக்குப் போக வாடகைக் கார்க்காரர் மதியம் வருவதாகச் சொன்னார். கதிர்வேல் டாக்டரை அழைக்கப் புதுச்சத்திரம் போனார்.

கார் வருவதற்குள் கரண்ட் போயிற்று.

மின்விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. ஜன்னல் வழியாக உஷா ஷெட்டைப் பார்த்தாள். தங்கமுத்து கையில் ஒரு சுணங்கிய கோழியோடு வெளியே வந்தார். பழக்கம். கை தானாகச் செய்யும் வேலை.

“அண்ணா, வேண்டாம்! போடாதீங்க!”

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “ஒண்ணே ஒண்ணுங்க அம்முணி. அடைச்சுட்டா அப்பறம் எங்க போடறது?”

டக்.

கல்லை நகர்த்தினார். உள்ளே திணித்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் திரும்பினார்.

உஷாவுக்கு முதலில் என்ன மாறியதென்று புரியவில்லை. பிறகு மூச்சை இழுத்தாள்.

நாற்றம் இல்லை.

எச்சம் இல்லை, தீவனம் இல்லை, அடுப்படியில் கொதித்த ரசம் இல்லை. வெயிலும் காற்றும் இருந்தன. வாசனை மட்டும் உலகத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது.

கோழிகள் கத்துவதை நிறுத்தின. எல்லாம், ஒரே நேரத்தில்.

அவள் ஷெட்டு வாசலுக்கு ஓடினாள். நடைபாதையின் மறுமுனையில் தங்கமுத்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், கடைசிக் கூண்டிலிருந்து ஆரம்பித்தது.

டக்.

ஒரு வெள்ளைத் தலை திரும்பியது. பக்கத்துத் தலை. அதற்குப் பக்கத்துத் தலை. சோளம் பொரிவது போல வேகம் ஏறியது. கூண்டு கூண்டாக, வரிசை முழுதும், கண்ணுக்குத் தெரியாத கைகள் ஒவ்வொன்றையும் பிடித்துத் திருகிக்கொண்டே முன்னால் வந்தன. கம்பிகளில் ரத்தம் தெறித்தது. இறக்கைகள் அடித்துக்கொண்டன. ஒரு குரலும் எழவில்லை.

“என்றா இது...” என்றார் தங்கமுத்து.

அவர் கால்கள் தரையிலிருந்து எழுந்தன. யாரோ கணுக்காலைச் சேர்த்துப் பிடித்தது போல இரண்டும் ஒட்டிக்கொண்டன. உடம்பு தலைகீழாகத் தொங்கியது. துண்டு கீழே விழுந்தது. அவர் உஷாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது முகம் பக்கவாட்டில் திரும்பியது. இன்னும் திரும்பியது. தாடை இழுபட்டது, கழுத்துத் தோல் கயிறு போல முறுக்கிக்கொண்டது.

அந்த ஓசை கோழியின் ஓசையைவிடப் பெரிது.

அவரை மெதுவாகத் தரையில் வைத்தது. பக்குவமாக. அவர் எப்போதும் கோழியைக் கையாள்வது போல.

உஷா வீட்டுக்கு ஓடினாள். அவளைத் தாண்டி ஏதோ முன்னால் போனது. கண்ணுக்குத் தெரியவில்லை. வேலியோரத்துச் சிட்டுக்குருவிகள் வரிசையாகச் சொத்சொத்தென்று விழுந்ததில்தான் அது போகும் வழி தெரிந்தது. வழி நேராக வீட்டு வாசலுக்குப் போனது.

வாசலில் ஜோதி பெட்டியோடு நின்றிருந்தாள்.

அவள் கைகள் வயிற்றை இறுக்கிக்கொண்டன. கால்கள் சேர்ந்தன. தலை இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது.

“உஷா, ஏன்டி என்ற கழுத்து...”

கத்துவதற்கு நேரமில்லை. இழுத்துப் பிடிப்பதிலும் பயனில்லை. முறிந்ததையே அனுப்பினோம், இத்தனை நாளும் முறிந்ததையே. முறியாத ஒன்று வேண்டும். திண்ணையில் அடுக்கியிருந்த அட்டைகளிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். குழாய்க்கு ஓடினாள். கல்லைத் தள்ளினாள். துப்பட்டாவின் நுனியில் முட்டையை வைத்து முடிந்தாள். இஸ்திரி பட்டுக் கருகிய தடம் இருந்த பச்சைத் துப்பட்டா. குழாயின் விளிம்பில் முட்டிவிடாமல் கையை உள்ளே விட்டு, அங்குலம் அங்குலமாக இறக்கினாள். பின்னால் அக்கா திணறும் ஓசை கேட்டது. உஷா அவசரப்படவில்லை. மெதுவாகச் செய்வதுதான் சொல்ல வேண்டியதே.

துப்பட்டா முடிந்தது. தோள் வரை கை குழாய்க்குள் இருந்தது. மேற்கொண்டு இறக்க எதுவுமில்லை.

கீழிருந்து ஒன்று அதைத் தொட்டது.

கன்றுக்குட்டி விரலைச் சப்புவது போல, மென்மையாக ஓர் இழுப்பு. அவள் விட்டாள்.

நாற்றம் திரும்பி வந்தது. அவ்வளவு செத்த கோழிகளின் ரத்த நாற்றம். அதை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு உஷா அழுதாள். வாசலில் ஜோதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். உயிரோடு.

தீவன அரவை இயந்திரத்தில் துண்டு மாட்டித் தங்கமுத்துவின் கழுத்து திருகியது என்று போலீஸில் எழுதினார்கள். கோழிகள் வெக்கையில் செத்தன என்றார்கள். உஷா சொன்னதைக் கேட்டுக்கொண்ட போலீஸ்காரர் அவளுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். கதிர்வேல் அவள் பேச்சை நடுவிலேயே நிறுத்தச் சொன்னார். “அதப் பத்தி இனி இந்தக் குடும்பத்துல பேச்சு வேண்டாம் சாமி.” ஒரு லாரி நிறைய காங்கிரீட் கொண்டுவந்து குழாயை அடைத்தார். பண்ணையை விற்றார். அஸ்தம்பட்டியில் மாமனார் வீட்டு மாடிக்கே வந்துவிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. ஜோதியால் கழுத்தை இடப்பக்கம் திருப்ப முடியவில்லை. மற்றபடி நன்றாக இருந்தாள். உஷா தன் ப்ராஜெக்டை எழுதி முடித்தாள். ‘மனிதர்கள் சொல்ல நினைத்தது அதற்குப் போய்ச் சேரவில்லை. தினமும் செய்தது போய்ச் சேர்ந்தது.’ நல்ல விடை என்று மேடம் பக்கத்தில் குறித்திருந்தார்.

ஒரு கேள்வியை மட்டும் அவள் எழுதவில்லை. முழு முட்டை என்ற சொல்லுக்கு அது என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டது?

ஒரு நாள் காலை ஏற்காடு சாலையில் பள்ளி வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஜோதி குளிக்கப் போயிருந்தாள். அறையில் தூளிக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உஷா பக்கத்தில் உட்கார்ந்து அதன் வாசனையை இழுத்துக்கொண்டிருந்தாள். பால், பவுடர், வசம்பு.

அடுப்படியிலிருந்து கதிர்வேலின் குரல் வந்தது.

“உஷா, இதென்ன, முட்டைக்குப் போய்த் துப்பட்டா சுத்தி மேடைல வெச்சிருக்கீங்க?”

“எந்தத் துப்பட்டா மாமா?”

“பச்சத் துப்பட்டா. ஓரத்துல கருகிக் கெடக்குது பாரு. முட்ட சூடா இருக்குது சாமி, இப்பத்தான் போட்ட மாதிரி. நம்மூட்டுல ஏது கோழி?”

உஷா எழுந்தாள். கால் தூளியில் இடறியது.

“மாமா, அதத் தொடாதீங்க. கீழ வைங்க. மெதுவா...”

டக்.

பழக்கம். கை தானாகச் செய்யும் வேலை.

பால் வாசனை நின்றது. பவுடர் வாசனை நின்றது. அறையில் ஒரு வாசனையும் இல்லை.

தூளிக்குள், கதிர்வேல் முட்டையைத் தட்டிய அதே அளவில், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று குழந்தையின் உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டியது.